பட்டாலியனிலிருந்து ஒரே தாவலில்: ஜெனரல் பவுலுஸின் கதை

இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் ஜெனரல் என்றதும் நம்மில் பலருக்கு ரோமெல்தான் நினைவுக்கு வருவார். பாலைவனம், டாங்கி, தொப்பிமேல் ஏற்றிவிட்ட தூசிக்கண்ணாடி. ஆனால் அந்த ராணுவத்தில் ஒருவர் எப்படி ஜெனரல் ஆனார், ஆன பிறகு என்ன வேலை பார்த்தார், எங்கே சறுக்கினார் என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள நினைக்கிறவருக்கு ரோமெல் சரியான உதாரணம் இல்லை. அவர் விதிவிலக்கு. விதி எப்படி இருந்தது என்று பார்க்க ஃபிரெட்ரிக் பவுலுஸ் பொருத்தமானவர். ஸ்டாலின்கிராட் நகரில் ஒரு முழு ராணுவத்தோடு சிக்கிக்கொண்டு, 1943 ஜனவரி 31 அன்று ஒரு பெரிய அங்காடிக் கட்டடத்தின் நிலவறையில் சோவியத் படையிடம் பிடிபட்டவர் அவர். பிடிபடுவதற்கு முந்தைய நாள்தான் அவருக்கு ஜெர்மன் ராணுவத்தின் மிக உயர்ந்த பதவி வந்து சேர்ந்தது. அந்தப் பதவி உயர்வு ஏன் கிட்டத்தட்ட ஒரு மரண தண்டனை என்பது புரிந்தால், அந்த ராணுவத்தில் பாதி புரிந்த மாதிரி.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். 'ஜெனரல்' என்பது ஒரு பதவியின் பெயர் அல்ல. அன்றைய ஜெர்மன் ராணுவத்தில் அது ஒரு படிக்கட்டு. கர்னலுக்கு மேலே ஜெனரல்மேஜர், அதற்கு மேல் ஜெனரல்லாய்ட்னன்ட். அடுத்தது காலாட்படை ஜெனரல், டாங்கிப்படை ஜெனரல் என்று படைவகையின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் படி. அப்புறம் ஜெனரல்ஓபர்ஸ்ட். உச்சியில் ஃபீல்டு மார்ஷல். இங்கே நம் ஆட்களுக்கு ஒரு குழப்பம் வரும். இந்திய ராணுவத்தில் கர்னலுக்கு மேலே பிரிகேடியர், அதற்கு அடுத்துதான் மேஜர் ஜெனரல். அன்றைய ஜெர்மானியரிடம் பிரிகேடியர் என்ற பதவியே கிடையாது. ஆகவே அவர்களுடைய ஜெனரல்மேஜர், பெயர் ஒன்றுபோல இருந்தாலும், நம் மேஜர் ஜெனரலுக்கு ஒரு படி கீழே இருப்பவர். இந்த வித்தியாசம் தெரியாமல் போர்க்கதைகளைப் படித்தால் யார் யாருக்கு மேலே என்றே பிடிபடாது.

படைகளின் அளவும் அதேபோல. கம்பெனி என்றால் நூற்றைம்பது, இருநூறு பேர். பட்டாலியனில் சில நூறு பேர் இருப்பார்கள், ஆயிரத்தைத் தொடாது. ரெஜிமென்ட்டில் ஏறக்குறைய மூவாயிரம். டிவிஷனில் பதினைந்தாயிரத்துக்கு மேல். பல டிவிஷன்கள் சேர்ந்தால் கோர், பல கோர்கள் சேர்ந்தால் 'ராணுவம்', பல ராணுவங்கள் சேர்ந்தால் ராணுவக் குழு. ஆறாவது ராணுவம், ஒன்பதாவது ராணுவம் என்றெல்லாம் படிக்கும்போது அது நாட்டின் மொத்த ராணுவம் இல்லை, லட்சக்கணக்கானோர் கொண்ட ஒரு பெரும் பிரிவு. ஒருவர் இந்த ஏணியில் கம்பெனி, பட்டாலியன், ரெஜிமென்ட், டிவிஷன் என்று ஒவ்வொரு படியாக நின்று பழகித்தான் மேலே போவார் என்று நாம் நினைப்போம். பவுலுஸ் அப்படிப் போகவில்லை. அதுதான் இந்தக் கதையின் முடிச்சு.

கால்சட்டையில் சிவப்புப் பட்டை

பழைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் ராணுவத்தை 1806ல் யேனா என்ற இடத்தில் நெப்போலியன் நொறுக்கினார். அந்த அவமானத்துக்குப் பிறகு ஷார்ன்ஹோர்ஸ்ட் போன்ற சீர்திருத்தக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படைத்தளபதி பதவிக்குப் பிரபுக்களும் இளவரசர்களும் வந்துகொண்டேதான் இருப்பார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொருவர் பக்கத்திலும் முறையாகப் படித்த, கணக்குத் தெரிந்த ஒரு அதிகாரியை உட்காரவைக்க முடியும். 1810ல் பெர்லினில் போர்க் கல்லூரி தொடங்கியது. அங்கிருந்து வளர்ந்ததுதான் ஜெனரல் ஸ்டாஃப் என்ற அமைப்பு.

ஸ்டாஃப் அதிகாரியின் வேலை என்ன? கல்யாணச் சமையலை நினைத்துப்பாருங்கள். ஆயிரம் பேருக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும், பந்தி எத்தனை என்று உட்கார்ந்து கணக்குப் போடுபவர் ஒருவர். அடுப்படியில் நின்று, சாம்பார் கெட்டியாகிவிட்டது, இன்னும் நூறு பேர் வந்துவிட்டார்கள் என்ற நிமிடத்தில் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் வேறொருவர். இரண்டுமே திறமைதான், ஆனால் ஒரே திறமை இல்லை. ஜெர்மன் ஏற்பாட்டில் தளபதி இரண்டாமவர், ஸ்டாஃப் தலைவர் முதலாமவர். இந்த ஜோடி முறைக்கு மிகப் பிரபலமான எடுத்துக்காட்டு முதல் உலகப்போரின் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும். முன்னவர் பெயருக்கு நின்றார், பின்னவர் வேலையைப் பார்த்தார் என்று அந்தக் காலத்திலேயே பேசிக்கொண்டார்கள்.

ஜெனரல் ஸ்டாஃப் அதிகாரிகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. கால்சட்டையின் இரு பக்கமும் அடர்சிவப்புப் பட்டை. அதை அணிந்தவர்கள் ஒரு தனிச் சாதி மாதிரி நடந்துகொண்டார்கள். ரோமெல் கடைசிவரை அந்தப் பயிற்சிக்குள் போகவே இல்லை. அந்தச் சாதியின் மாதிரிப் பிள்ளை பவுலுஸ்.

கடற்படை திருப்பி அனுப்பிய பையன்

1890 செப்டம்பர் 23, ஹெஸ்ஸன் பகுதியில் காஸல் நகருக்குப் பக்கத்து ஊரான பிரைட்டனாவ். அப்பா ஒரு சீர்திருத்த இல்லத்தில் கணக்கர். பெயருக்கு முன்னால் பிரபுத்துவத்தைக் காட்டும் 'ஃபோன்' கிடையாது. இன்றும் பல கட்டுரைகள் அவரை 'ஃபோன் பவுலுஸ்' என்று எழுதிவிடுகின்றன. தோரணையைப் பார்த்து வந்த தவறாக இருக்கலாம். உயரம், மெலிந்த உடல், எப்போதும் மடிப்புக் கலையாத சீருடை. பிரபு என்று சக அதிகாரிகள் கிண்டல் செய்யும் அளவுக்குப் பாந்தமான மனிதர்.

பள்ளி முடித்ததும் கடற்படையில் அதிகாரியாகச் சேர முயன்றார். குடும்ப அந்தஸ்து போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மார்பர்க்கில் கொஞ்ச நாள் சட்டம் படித்தார், ஒட்டவில்லை. 1910ல் தரைப்படையின் 111ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டில் அதிகாரிப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1912ல் எலேனா ரொசெட்டி சொலெஸ்கு என்ற ருமேனியப் பிரபு குடும்பத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். இந்த ருமேனியத் தொடர்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வினோதமான இடத்தில் திரும்ப வரும்.

முதல் உலகப்போரில் பிரான்ஸ், பால்கன், வெர்டன் என்று பல முனைகளில் இருந்தார். ஆனால் போரின் பெரும்பகுதி ஸ்டாஃப் வேலைதான். மலைப்போருக்கென்று உருவாக்கப்பட்ட ஆல்பைன் கோரில் வரைபடமும் அறிக்கையுமாக இருந்தவர், போர் முடியும்போது கேப்டன். அதே போரில் ரோமெல் இத்தாலிய மலைகளில் சில நூறு வீரர்களை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கைதிகளைப் பிடித்து, ஜெர்மன் தரப்பின் உயரிய வீர விருதை வாங்கியிருந்தார்.

போர் முடிந்தது, வெர்சாய் ஒப்பந்தம் வந்தது. ஜெர்மனி ஒரு லட்சம் பேருக்கு மேல் ராணுவம் வைத்துக்கொள்ளக் கூடாது. அதில் அதிகாரிகள் நான்காயிரம் பேர் மட்டும். ஜெனரல் ஸ்டாஃபும் போர்க் கல்லூரியும் தடை. பத்தாயிரக்கணக்கான அதிகாரிகள் வீட்டுக்குப் போனார்கள். பவுலுஸ் அந்த நான்காயிரத்தில் ஒருவர். தடை செய்யப்பட்ட ஜெனரல் ஸ்டாஃபோ 'துருப்பு அலுவலகம்' என்ற அப்பாவிப் பெயரில் அப்படியே தொடர்ந்தது. பயிற்சி வகுப்புகளுக்கும் வேறு பெயர் வைத்து நடத்திக்கொண்டார்கள்.

இவ்வளவு சின்ன ராணுவத்தில் பதவி உயர்வு நத்தை வேகம். 1918ல் கேப்டனான பவுலுஸ் மேஜர் ஆனது 1929ல். பதினொரு வருஷம்! இருபதுகளில் ஸ்டுட்கார்ட்டில் 13ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டில் ஒரு கம்பெனிக்குத் தலைவராக இருந்தார். அதே ரெஜிமென்ட்டில் இன்னொரு கம்பெனிக்குத் தலைவர் யார் தெரியுமா? ரோமெல். இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் அணிவகுப்பு நடத்தியவர்கள். அந்தக் காலத்தில் பவுலுஸைப் பற்றி மேலதிகாரி ஒருவர் எழுதிய மதிப்பீடு பின்னாளில் பலரால் எடுத்துக்காட்டப்பட்டது. நல்ல உழைப்பாளி, நல்ல பண்பு, ஆனால் முடிவெடுப்பதில் உறுதி போதவில்லை என்பது அதன் சாரம். இப்படிப்பட்ட குறிப்பு ஒருவருடைய கோப்பில் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. ஸ்டாஃப் வேலைக்கு அது குறையே இல்லையே.

அப்புறம் ஹிட்லர் வந்தார். 1935ல் கட்டாய ராணுவ சேவை மீண்டும் வந்தது, ராணுவம் திடீரென்று ஊதிப் பெருத்தது. பத்து வருஷம் காத்திருந்தவர்களெல்லாம் இப்போது இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு படி ஏறினார்கள். ஜெர்மன் ஜெனரல்களில் பலர் ஹிட்லரை ஏன் அத்தனை சுலபமாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குக் கொள்கை விளக்கம் ஆயிரம் சொல்லலாம். எனக்கு இந்தப் பதவி உயர்வுப் பட்டியலே போதுமான விளக்கமாகத் தெரிகிறது. 1934 ஆகஸ்ட்டில் ராணுவத்தினர் எல்லோரும் நாட்டுக்கோ அரசியல் சட்டத்துக்கோ அல்ல, ஹிட்லர் என்ற தனிமனிதரின் பெயரைச் சொல்லி விசுவாசப் பிரமாணம் எடுத்தார்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1934லிருந்து சுமார் ஓராண்டு பவுலுஸ் ஒரு மோட்டார் பட்டாலியனுக்குத் தளபதியாக இருந்தார். 1935ல் கர்னல் ஆகி, புதிதாக உருவாகிவந்த டாங்கிப்படையின் ஸ்டாஃப் தலைவர் நாற்காலியில், டாங்கிப்போர் முன்னோடியான குடேரியானுக்குப் பின் உட்கார்ந்தார். 1939 தொடக்கத்தில் ஜெனரல்மேஜர். அந்த ஒரு பட்டாலியன்தான் 1942 வரை அவர் நேரடியாகத் தலைமை தாங்கிய மிகப் பெரிய படை. ரெஜிமென்ட் இல்லை, டிவிஷன் இல்லை, கோர் இல்லை.

முரட்டு மாமனும் மௌன மருமகனும்

1939ல் போலந்துமீது படையெடுத்தபோது பவுலுஸ் ஜெனரல் ரைகெனாவின் ஸ்டாஃப் தலைவர். அவர்களுடைய பத்தாவது ராணுவம் பின்னர் ஆறாவது ராணுவம் என்று பெயர் மாறி, 1940ல் பெல்ஜியம் வழியாக மேற்கே போனது. ரைகெனாவ் வெளிப்படையான நாஜி ஆதரவாளர், முன்னணிக்கு ஓடிப்போய் நிற்பதில் ஆசை, மேசையில் உட்கார வெறுப்பு. பவுலுஸோ காகிதங்களுக்குள் மணிக்கணக்கில் மூழ்கக்கூடியவர், அழுக்கு என்றாலே கூசுபவர், கையுறை கழற்ற மாட்டார். ஒரு முரட்டு மாமனும் வாயடக்கமான மருமகனும் சேர்ந்து கடை நடத்துவதுபோல இந்த ஜோடி நன்றாகவே ஓடியது. முடிவெடுப்பது ரைகெனாவ், அதை நடக்கவைப்பது பவுலுஸ். ஸ்டாஃப் முறை காகிதத்தில் எப்படி வரையப்பட்டதோ அப்படியே.

1940 செப்டம்பரில் பவுலுஸ் தலைமையகத்துக்குப் போனார். ராணுவத்தின் ஜெனரல் ஸ்டாஃப் தலைவர் ஹால்டருக்கு அடுத்த இடம். அங்கே அவர் மேசைக்கு வந்த முதல் பெரிய வேலை, சோவியத் ஒன்றியத்தின்மீது படையெடுக்கும் திட்டம். பின்னாளில் அதற்கு வைத்த பெயர் பார்பரோசா. எத்தனை டிவிஷன், எந்தப் பாதை, எரிபொருள் எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவர்தான் கணக்குப் போட்டார், வரைபடத்தின்மேல் போர் விளையாட்டு நடத்திச் சோதித்தார். தூரம் கூடக்கூடப் பொருள் வழங்கல் தள்ளாடும் என்பது அந்தச் சோதனைகளிலேயே தெரிந்தது. தெரிந்தும் திட்டம் நின்றுவிடவில்லை. கணக்குச் சொல்லும் ஆள் கணக்கைச் சொல்லிவிட்டார், அதோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார். பின்னாளில் ஸ்டாலின்கிராடில் பலியானவராக மட்டும் அவரைக் காட்டும் எழுத்துகள் இந்த மாதங்களைத் தாண்டிப் போய்விடுகின்றன. கோடிக்கணக்கான உயிர்களைக் குடித்த ஒரு படையெடுப்பின் வரைவு அந்தச் சுத்தமான கைகள் வழியாகத்தான் போனது.

நடுவில் ஒரு வேடிக்கை. 1941 வசந்தத்தில் ரோமெல் வட ஆப்பிரிக்காவில் யார் சொல்லும் கேட்காமல் முன்னேறிக்கொண்டிருந்தார். ஹால்டருக்குத் தாங்கவில்லை. பைத்தியம் பிடித்த இந்தச் சிப்பாயைத் தடுத்து நிறுத்தத் தனிப்பட்ட செல்வாக்கு உள்ள ஒரே ஆள் பவுலுஸாகத்தான் இருக்கும் என்ற பொருளில் தன் நாட்குறிப்பில் எழுதிவிட்டு, அவரை விமானமேற்றி அனுப்பினார். பழைய ஸ்டுட்கார்ட் தோழர்கள் இருவரும் பாலைவனத்தில் சந்தித்தார்கள். பவுலுஸ் பார்த்தார், நிலைமை தாங்காது, பின்வாங்கித் தற்காத்துக்கொள் என்று சொன்னார், திரும்பி வந்து அறிக்கை எழுதினார். ரோமெல் கேட்டுக்கொண்டு தன் போக்கில் போனார். ஒரே ரெஜிமென்ட்டில் வளர்ந்த இருவரில் ஒருவருக்கு உத்தரவு என்பது ஆரம்பப்புள்ளி, இன்னொருவருக்கு அது எல்லைக்கோடு.

ஒரு ராணுவம் கைக்கு வருகிறது

1941 டிசம்பர். மாஸ்கோவுக்கு வெளியே ஜெர்மன் படை உறைந்து நின்றது. தெற்கே ரோஸ்தோவிலிருந்து பின்வாங்கிய விவகாரத்தில் தெற்கு ராணுவக் குழுவின் தளபதி ருண்ட்ஷ்டெட் பதவியை இழந்தார், அவர் இடத்துக்கு ரைகெனாவ் போனார். டிசம்பர் 19 அன்று ஹிட்லர் தரைப்படையின் தலைமையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார். ஓரடி பின்வாங்கக் கூடாது என்று உத்தரவு. மீறிய குடேரியான் கிறிஸ்துமஸ் சமயத்தில் தூக்கியெறியப்பட்டார். 1942 ஜனவரி 8 அன்று, தன் படையைக் காப்பாற்ற அனுமதியில்லாமல் பின்னுக்கு இழுத்த ஜெனரல் ஹோப்னர் சீருடை அணியும் உரிமையைக்கூட இழந்து வெளியேற்றப்பட்டார்.

ரைகெனாவ் விட்டுச்சென்ற ஆறாவது ராணுவத்தைப் பவுலுஸ் ஏற்றுக்கொண்டது ஜனவரி 5. தேதிகளைக் கவனியுங்கள். பட்டாலியனுக்கு மேல் தலைமை தாங்காத ஒரு ஸ்டாஃப் அதிகாரி ஒரே தாவலில் லட்சக்கணக்கானோரின் தளபதியாகிறார். அது நடப்பது, சொந்த முடிவு எடுத்த ஜெனரல்கள் வரிசையாக வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதே வாரங்களில். ஜெர்மன் ராணுவத்தில் ஒரு பழைய மரபு உண்டு. மேலிடம் என்ன சாதிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும், எப்படி என்பதைக் களத்தில் இருப்பவர் தீர்மானிப்பார். அந்த மரபுக்கு ஹிட்லர் வேட்டு வைத்த நேரத்தில்தான் பவுலுஸ் தளபதியானார். அவருடைய சிபாரிசுக்காரரும் இனி உதவிக்கு இல்லை. ஜனவரி 17 அன்று ரைகெனாவ் பக்கவாதத்தில் இறந்துபோனார்.

ஆறாவது ராணுவம் ஏற்கெனவே ரத்தக்கறை படிந்தது. 1941 செப்டம்பர் கடைசியில் கீவ் நகரின் பாபி யார் பள்ளத்தில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள் சுட்டுக்கொல்லப்பட்டது அந்த ராணுவத்தின் பகுதியில்தான். அதற்குச் சில நாட்களில், யூதர்கள்மீது இரக்கம் காட்டக் கூடாது என்று படைக்கு ஓர் உத்தரவே போட்டவர் ரைகெனாவ். பவுலுஸ் வந்ததும் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார் என்று எழுதுவார்கள். அவர் கொலைவெறியர் இல்லை என்பது சரி. ஆனால் ஸ்டாலின்கிராட் முற்றுகையின்போது அவருடைய முகாம்களில் இருந்த சோவியத் கைதிகள் பட்டினியால் செத்தார்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

மே மாதம் கார்கோவ் அருகே முதல் பெரிய சோதனை. சோவியத் படை மே 12 அன்று பாய்ந்து தாக்கியது, பவுலுஸின் முனை ஆட்டம் கண்டது. ஐந்து நாளில் தெற்கிலிருந்து ஜெனரல் கிளைஸ்டின் டாங்கிகள் எதிர்த்தாக்குதல் நடத்தி, தாக்க வந்தவர்களையே வளைத்துக்கொண்டன. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சோவியத் வீரர்கள் கைதானதாக ஜெர்மன் தரப்பு கணக்குச் சொன்னது. பவுலுஸுக்குப் புகழ், விருது. ஆனால் அதில் அவர் கற்ற பாடம் ஆபத்தானது என்று நினைக்கிறேன். நிலைமை கைமீறும்போது பொறுத்திரு, மேலிடம் பார்த்துக்கொள்ளும் என்ற பாடம். அந்த ஒருமுறை அது பலித்தது.

எழுபத்திரண்டு நாள்

1942 ஆகஸ்ட் 23 அன்று ஆறாவது ராணுவத்தின் டாங்கிகள் ஸ்டாலின்கிராடுக்கு வடக்கே வோல்கா நதிக்கரையைத் தொட்டன. அதே நாள் ஜெர்மன் விமானங்கள் நகரத்தை எரித்தன. அப்புறம் மூன்று மாதம் தெருத்தெருவாக, மாடிமாடியாகச் சண்டை. ஜெர்மன் சிப்பாய்கள் அதை எலிப்போர் என்றார்கள். நவம்பர் நடுவில் நகரத்தின் பத்தில் ஒன்பது பங்கு பவுலுஸ் கையில் இருந்தது. மிச்சத்தைச் சூய்கோவ் தலைமையிலான 62ஆவது ராணுவம் நதியோரத்தில் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பவுலுஸின் இரு பக்கங்களையும் காத்து நின்ற படைகளில் முக்கியமானவை ருமேனியப் படைகள். மனைவியின் நாட்டுக்காரர்கள். டாங்கியை நிறுத்தும் அளவுக்கு வலுவான பீரங்கிகள் அவர்களிடம் போதுமானதாக இல்லை. சோவியத் தளபதிகளுக்கும் அது தெரியும். நவம்பர் 19 அன்று வடக்கில், மறுநாள் தெற்கில், சரியாக அந்த இடங்களில் அடித்தார்கள். 23ஆம் தேதி இரு கரங்களும் டான் நதியோரம் கலாச் அருகே கைகோத்துக்கொண்டன. உள்ளே இரண்டரை லட்சத்துக்கும் மேல்.

அந்த ஐந்தாறு நாட்கள்தான் பவுலுஸ் வாழ்க்கையின் தேர்வு. உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கே உடைத்துக்கொண்டு போயிருந்தால் பெரும்பகுதியாவது தப்பியிருக்கலாம். அவர் என்ன செய்தார்? முறைப்படி கேட்டார். நிலைமை வந்தால் சுயமாக முடிவெடுக்க அனுமதி வேண்டும் என்று ஹிட்லருக்குச் செய்தி அனுப்பினார். பதில் வந்தது: இருக்கும் இடத்திலேயே இரு, வானம் வழியாக எல்லாம் வரும். அவருக்குக் கீழே ஒரு கோரின் தளபதியாக இருந்த சைட்லிட்ஸ், நவம்பர் 25 அன்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். ஜெர்மன் மக்களுக்கு நமக்குள்ள பொறுப்பு உத்தரவை மீறச் சொல்கிறது, உடைத்துக்கொண்டு கிளம்புவோம் என்பது அதன் கருத்து. பவுலுஸின் சொந்த ஸ்டாஃப் தலைவர் ஷ்மிட் எதிர்ப்பக்கம். முழுப் போர்முனையும் மேலிடத்துக்குத்தான் தெரியும், நமக்கு இங்கே ஒரு துண்டு மட்டும்தான் தெரியும் என்ற வாதம். முப்பது வருஷ ஸ்டாஃப் பயிற்சி பெற்ற மனிதரிடம் அது எடுபடாமல் இருக்குமா? கீழ்ப்படிந்தார்.

விமானப்படைத் தலைவர் கோரிங் நாளுக்கு 500 டன் பொருள் இறக்கிவிடலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். மொத்தக் காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் உண்மையில் வந்தது சராசரியாக நாளுக்கு 100 டன்னுக்குச் சற்று மேலே. குதிரைகளை அறுத்துத் தின்றார்கள். ரொட்டி நாளுக்கு 100 கிராமுக்கும் கீழே போனது. டிசம்பர் 12 அன்று ஃபீல்டு மார்ஷல் மான்ஸ்டைனின் மீட்புப்படை தெற்கிலிருந்து கிளம்பி, ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்கு வந்து நின்றது. உள்ளே இருந்த டாங்கிகளுக்கு முப்பது கிலோமீட்டர் ஓட எரிபொருள் இருந்தது. மான்ஸ்டைன் தெளிவான உத்தரவு கொடுக்கவில்லை, பவுலுஸ் உத்தரவில்லாமல் அசையவில்லை. யார்மேல் தவறு என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் மீட்புப்படை பின்வாங்கியது.

1943 ஜனவரி 8 அன்று சரணடையச் சொல்லி சோவியத் தரப்பு கௌரவமான நிபந்தனைகளோடு கடிதம் அனுப்பியது. நிராகரிப்பு. 10ஆம் தேதி கடைசித் தாக்குதல் தொடங்கியது. முதலில் பிடோம்னிக் விமானத்தளம், அடுத்து கும்ராக் தளம் போயின. காயம்பட்டவர்களை வெளியே அனுப்ப வழியில்லை. அப்போது பவுலுஸ் சரணடைய அனுமதி கேட்டார். ஆமாம், அதற்கும் அனுமதிதான் கேட்டார். இல்லை என்று பதில் வந்ததும் மீண்டும் பேசாமல் இருந்தார். 29ஆம் தேதி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பத்தாம் ஆண்டு நிறைவுக்கு, ஸ்டாலின்கிராட்மேல் ஸ்வஸ்திகா கொடி இன்னும் பறக்கிறது என்று வாழ்த்துத் தந்தி போனது. மேலே கட்டட இடிபாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் மருந்தில்லாமல் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. இந்தத் தந்தியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

பதிலுக்கு 30ஆம் தேதி ஃபீல்டு மார்ஷல் பதவி வந்தது. ஜெர்மன் ஃபீல்டு மார்ஷல் யாரும் எதிரியிடம் உயிரோடு சிக்கியதில்லை என்பது அந்த ராணுவம் சொல்லிக்கொண்ட பெருமை. ஆகவே செய்தியின் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது: சுட்டுக்கொள். மறுநாள் காலை சோவியத் அதிகாரிகள் உனிவர்மாக் அங்காடியின் நிலவறைக்குள் இறங்கினார்கள். பேச்சுவார்த்தை நடத்தியதுகூட ஷ்மிட்தான். நகரின் வடக்கே தனியாகச் சிக்கியிருந்த படைக்கும் சரணடைய உத்தரவிடுங்கள் என்று கேட்டதற்குப் பவுலுஸ் மறுத்துவிட்டார். அது பிப்ரவரி 2 வரை சண்டை போட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஹிட்லர் எதிர்பார்த்ததைச் செய்யாமல் விட்டார், அதையும் பாதி முடிவாகவே விட்டார்.

ஹிட்லர் கொதித்துப்போய், இந்தப் போரில் இனி யாரையும் ஃபீல்டு மார்ஷல் ஆக்க மாட்டேன் என்றார். அது பிப்ரவரி 1. அதே நாள் தேதியிட்டு கிளைஸ்ட், வைக்ஸ், புஷ் என்று மூன்று பேர் ஃபீல்டு மார்ஷல் ஆனார்கள்.

அப்புறம்

கைதான சுமார் 91,000 பேரில் ஊர் திரும்பியவர்கள் ஐந்தாறு ஆயிரம். கடைசி ஆட்கள் வந்தது 1955ல். பவுலுஸ் ஜெனரல்களுக்கான முகாமில் இருந்ததால் பசி தெரியவில்லை. முதல் ஒன்றரை வருஷம் ஹிட்லருக்கு எதிராகப் பேச மறுத்தார். சைட்லிட்ஸ் எப்போதோ எதிர்ப்பு அணியைத் தொடங்கிவிட்டிருந்தார். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்று, அந்தச் சதியில் சேர்ந்திருந்த ஹோப்னரும் ஃபீல்டு மார்ஷல் விட்ஸ்லெபனும் ஆகஸ்ட் 8 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். அதே நாள் பவுலுஸ் ஜெர்மானியர்களுக்கு ஹிட்லரைக் கைவிடச் சொல்லி வேண்டுகோள் விடுத்தார். அதன் விலையைக் கொடுத்தது குடும்பம். எலேனாவைக் கணவரின் பெயரைத் துறக்கச் சொன்னார்கள், மறுத்தார், காவலில் வைத்தார்கள். இரட்டை மகன்களில் ஒருவர் அதே வருஷம் இத்தாலியின் ஆன்ஸியோவில் போரில் இறந்திருந்தார்.

1946 பிப்ரவரி 11 அன்று, நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில் சோவியத் தரப்பு சாட்சியாகப் பவுலுஸ் வந்து நின்றபோது அரங்கமே அதிர்ந்தது. 1940 செப்டம்பரில் தன் மேசைக்கு வந்த அந்தத் திட்டத்தைப் பற்றி, தேதி வாரியாக, டிவிஷன் எண்ணிக்கை வாரியாகச் சொன்னார். படையெடுப்பு தற்காப்புக்காக அல்ல, திட்டமிட்ட ஆக்கிரமிப்பு என்பதற்கு அதைப் போட்ட கணக்கரே சாட்சி. கூண்டில் இருந்த பழைய மேலதிகாரிகளுக்கு அவர் துரோகி. எனக்கென்னவோ, அவர் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த ஸ்டாஃப் வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

சாட்சி சொன்ன பிறகும் விடுதலை வரவில்லை. 1953ல் கிழக்கு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். டிரெஸ்டனில் வீடு கிடைத்தது, ராணுவ வரலாற்று ஆராய்ச்சியில் வேலை கிடைத்தது, வரைபடங்களும் கிடைத்தன. தசைகள் மெல்லச் செயலிழக்கும் நரம்பு நோய் வந்து, 1957 பிப்ரவரி 1 அன்று இறந்தார். எலேனா 1949லேயே மேற்கு ஜெர்மனியில் பாடன்பாடனில் இறந்துபோயிருந்தார். 1942க்குப் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. அவரையும் எல்லை தாண்டி, மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.